ஊர் என்ன சொல்லும்?

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலின் கம்பத்தடி மண்டபத்தில், காளிதேவியின் திருவுருவத்தின் மீது பக்தர்கள் வெண்ணெய் உருண்டைகளை எறிந்த காட்சி முதியோர் பலருக்கு நினைவிருக்கும். அன்னையின் உக்கிரம் தணிய வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் கருத்தை அறிந்து எறிந்தவர் சிலரே. முன்னே நின்றவர் எறிந்தார். அதைக் கண்டு பின்னே வந்தவரும் எறிந்தார். காரணம் கேட்ட பேரக் குழந்தைக்குப் பெரும்பாலும் கிடைத்த விடை, "எல்லோரும் எறிகிறார்களே!" என்பதுதான்.

கூட்டத்தின் இயல்பு அது. ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்று பழமொழியும் கூறுகிறது. அந்த இயல்பில் நன்மை மிக உண்டு. வீட்டில் தனித்திருக்கையில் கை குவிக்க மறந்தவரும், அழகர் வைகையில் எழுந்தருளும் சித்திரை நாளில் தம்மையறியாமல் இரு கரமும் உயர்த்திக் "கோவிந்தா" என்று முழங்குவர். ஒருவர் கையால் அசையாத தேர், ஊர் கூடினால் மாசி வீதிகளில் வலம் வருகிறது. மதுரைக்கு அருகே திருவாதவூரில் அவதரித்த மாணிக்கவாசகரும் அடியார் கூட்டத்தோடு தாம் சேர வேண்டும் என்றே உருகினார்.

எனினும் தேரை இழுக்கும் அதே வலிமை, சில வேளைகளில் கதவை அடைக்கும் வலிமையாகவும் ஆகிவிடுகிறது.

பல தலைமுறைகளாக ஒரு பகுதி மக்கள் மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் நுழைய இயலாமல், கோபுரத்தை வெளியிலிருந்தே வணங்கித் திரும்பினர். அது தகாது என்று மனத்துக்குள் வருந்தியவர்கள் இல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் "ஊர் என்ன சொல்லும்? உறவினர் என்ன நினைப்பர்?" என்ற அச்சம் நாவைக் கட்டிவிடும். ஒவ்வொருவரும் மற்றவருக்கு அஞ்சி மௌனம் காத்தால், எல்லோரும் உடன்பட்டது போன்ற தோற்றமே மிஞ்சும்.

அந்தத் தோற்றம் 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் கலைந்தது. அன்று மதுரை வழக்கறிஞர் அ. வைத்தியநாதய்யர், ஒடுக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்த அன்பர்கள் சிலரை உடன் அழைத்துக்கொண்டு திருக்கோயிலுக்குள் சென்று அன்னையை வழிபடச் செய்தார். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்து, பின்னாளில் தமிழக அமைச்சராகத் திகழ்ந்த கக்கன் அவர்களுள் ஒருவர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு இம்முயற்சிக்குத் துணை நின்றார்.

எதிர்ப்பு கடுமையாகவே எழுந்தது. அர்ச்சகர்களுள் சிலர் கைங்கரியத்தை நிறுத்தினர். அன்னை கோயிலை விட்டு அகன்றுவிட்டாள் என்று கூறி, வேறோர் இடத்தில் மீனாட்சியை வைத்து வழிபட்டவர்களும் உண்டு. வைத்தியநாதய்யரைத் தம் குலத்தாரே ஒதுக்கினர். அவர் பின்வாங்கவில்லை. அதே ஆண்டில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. அனைவருக்கும் திறவாத ஆலயத்துக்குள் நுழைவதில்லை என்றிருந்த காந்தியடிகள், 1946 பிப்ரவரியில் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மனைத் தரிசித்தார்.

இது அடியார் மரபுக்குப் புதிதன்று. பாண்டி நாட்டுத் திருக்கோட்டியூரில், மறைத்து வைக்க வேண்டும் என்று ஆசாரியர் பணித்த திருமந்திரத்தை யாவரும் கேட்க உரைத்தார் இராமாநுசர். தமக்கு நரகமே கிட்டினும் பலர் உய்வர் என்பது அவர் எண்ணம்.

ஆகவே வழக்கம் என்பதனாலேயே ஒன்று நல்லதும் ஆகாது, தீயதும் ஆகாது. பிறரை இறைவனிடம் அருகே சேர்க்கிறதா, அகற்றி நிறுத்துகிறதா என்று பார்த்தால் அதன் தன்மை விளங்கிவிடும்.

இன்றும் பல இல்லங்களில், பெற்று வளர்த்த மகளின் திருமணத்தன்று, கணவரை இழந்த ஒரே காரணத்தால் தாய் தூணுக்குப் பின்னே ஒதுங்கி நிற்கிறாள். அவளை அங்கே நிற்கும்படி யாரும் சொல்வதில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்று அவளே நின்றுகொள்கிறாள். மணவறையைச் சூழ்ந்திருப்போரில் பலருக்கு அது உறுத்தவும் செய்யும். ஆயினும் முதலில் பேச ஒருவரும் முன்வருவதில்லை. அவ்வேளையில் குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் எழுந்து, "நீ முன்னே வந்து அட்சதை போடு அம்மா" என்று அழைத்தால் போதும். மறுப்பவர் ஓரிருவர் இருக்கலாம். மனம் நிறைந்து வழிவிடுவோர் பலராக இருப்பர்.

இளையோர் பெரியோரைப் பார்த்தே நடக்கின்றனர். ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சுகின்ற ஒவ்வொருவரும் அந்த ஊரில் ஒருவரே. அங்கயற்கண்ணி தன் சந்நிதிக்கு வருவோர் அனைவரையும் ஒரே கண்ணால்தான் நோக்குகிறாள்.