நாய்க்கு மொட்டை வேண்டாம். நல்ல கத்தரிக்கோல் போதும்!

கோடை வந்து விட்டால் சில வீடுகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம்.

நேற்று வரை பஞ்சுப் பொதி போல ஓடித் திரிந்த வெள்ளை நாய், இன்று தோல் உரித்த கோழி போல மூலையில் படுத்திருக்கும்.

"பாவம், வெயில் தாங்கவில்லை. அதனால் மொட்டை அடித்து விட்டோம்" என்பார்கள் வீட்டார்.

அன்பினால் செய்கிற காரியம்தான். ஆனால் தவறான காரியம்!

முடி ஒரு கூரை

மனிதனுக்கு உடம்பு முழுவதும் வியர்க்கும். நாய்க்கு அப்படி அல்ல. அதற்குப் பாதத்தின் அடியில்தான் வியர்வை வரும். நாக்கைத் தொங்க விட்டு, மூச்சு வாங்கித்தான் அது உடம்பின் சூட்டைத் தணித்துக் கொள்கிறது. முடியை வழித்து விட்டால் நாய்க்கு வியர்த்துக் குளிர்ந்து விடும் என்று நினைப்பது வீண்.

தமிழ்நாட்டில் "பொமரேனியன்" என்று அழைத்து வளர்க்கும் நாய்களில் பல, இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் உடம்பில் இரண்டு அடுக்கு முடி உண்டு. மேலே நீண்ட முடி. உள்ளே மெத்தென்ற குட்டை முடி.

மேல் முடி ஒரு கூரை போன்றது. வெயில் நேராகத் தோலில் படாமல் அது தடுக்கிறது. வெயிலுக்குப் பயந்து யாராவது வீட்டுக் கூரையைப் பிரித்துப் போடுவார்களா?

அது மட்டும் அல்ல. அடியோடு வழித்த முடி, சில நாய்களுக்குப் பழையபடி வளரப் பல மாதங்கள் ஆகும். சிலவற்றுக்குத் திட்டுத் திட்டாக வளரும்.

அப்படியானால் நாய்க்குப் புழுங்குவது ஏன்? உதிர்ந்த உள்முடி வெளியே வராமல் உள்ளேயே அடைத்துக் கொள்கிறது. காற்று தோலுக்குப் போவதில்லை. அந்தச் சிக்கலுக்குள் உண்ணியும் ஒளிந்து கொள்ளும். அடைத்த முடியை வாரி எடுத்து, மிகவும் அடர்ந்த இடங்களில் கொஞ்சம் குறைத்து விட்டால் போதும்.

அப்படிக் குறைப்பதற்கு என்றே ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. அதன் பெயர் தின்னிங் கத்தரிக்கோல்.

சீப்பும் கத்தரியும் சேர்ந்தது

முடி திருத்தும் கடையில் இதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் சாதாரண அலகு. இன்னொரு பக்கம் சீப்பு போலப் பற்கள். பல்லின் மேல் அகப்பட்ட முடி வெட்டுப்படும். இடைவெளியில் போன முடி தப்பி விடும். அதனால் ஒரே வெட்டில் எல்லா முடியும் போவதில்லை. படிப்படியாக எலி கடித்தது போன்ற தடமும் விழுவதில்லை.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. சாதாரணக் கத்தரியில் ஒரு வெட்டு தவறினால் பள்ளம் விழும். இதில் சிறு தவறு வெளியே தெரியாது.

ஆனால் இது எல்லா நாய்க்கும் வேண்டியது அல்ல. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாட்டு நாய்களுக்கு முடி குட்டை. அவற்றை வளர்ப்பவர்கள் கத்தரிக்கோலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நல்ல பிரஷ் ஒன்றே போதும்.

பல்லை எண்ணிப் பார்க்க வேண்டும்

கடையில் பல வகை தின்னிங் கத்தரிகள் இருக்கும். பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. முதலில் பல்லை எண்ண வேண்டும்.

சுமார் 20 பற்கள் உள்ளது நிறைய முடியை ஒரேயடியாக எடுத்து விடும். அது கை தேர்ந்தவர்களுக்கு உரியது. 40 அல்லது அதற்குச் சற்று மேல் பற்கள் உள்ளது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். வீட்டுக்கு ஏற்றது இதுதான்.

நீளம் ஆறரை அங்குலம் முதல் 7 அங்குலம் வரை இருந்தால் நடுத்தரமான நாய்க்குச் சரி. கண் ஓரத்திலும் பாதத்திலும் வெட்டுவதற்கு நுனி மழுங்கலாக இருப்பது நல்லது.

அடுத்தது கை. பல வீடுகளில் கத்தரிக்கோல் வாங்குகிறவர் அப்பா. நாயைக் குளிப்பாட்டி, வாரி விடுகிறவர் அம்மா. அப்பா கைக்குப் பொருந்தியது அம்மா விரலில் ஆடும். ஆடுகிற கத்தரி நாயின் தோலில் பாயும்! ஆகவே, யார் வெட்டப் போகிறாரோ அவரே விரலை விட்டுப் பார்த்து வாங்க வேண்டும். இடது கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கைக் கத்தரி என்று தனியாக உண்டு.

அலகுகளைச் சேர்க்கும் இடத்தில் திருகாணி இருக்க வேண்டும். தறைந்து மூடியது வேண்டாம். திருகாணி இருந்தால்தான் தளர்ந்தபோது இறுக்கலாம். மெதுவாக மூடினால் எங்கும் இடறாமல் மூட வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பற்கள் எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட நல்ல சோதனை ஒன்று உண்டு. நாயை வாரும்போது சீப்பில் வருகிற முடியைக் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக் கடைக்குக் கொண்டு போகலாம். அதை இறுகப் பிடித்துக் கொண்டு வெட்டிப் பார்க்க வேண்டும். முடி வெட்டுப்பட்டால் நல்ல கத்தரி. மடங்கினாலோ, இழுபட்டாலோ அது வேண்டாம். கடையில் முடியை இழுக்கிற கத்தரி, வீட்டில் நாயையும் இழுக்கும்.

கைப்பேசியில் படம் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இந்தச் சோதனை கிடையாது. திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா என்றாவது பார்த்து வாங்க வேண்டும். "ஜப்பான் எஃகு" என்று எழுதியது எல்லாம் ஜப்பானில் செய்தது ஆகாது. ஒரே பெட்டியில் ஐந்தாறு கருவிகள் மலிவாகக் கிடைக்கும். அந்த ஆறை விட நல்லதாக ஒன்று மேல்.

அதற்காக மிக உயர்ந்த விலையும் வேண்டியது இல்லை. தினமும் பல நாய்களுக்கு வெட்டுகிற தொழிலாளிக்கு அது தேவை. மாதம் ஒரு முறை வெட்டுகிற வீட்டுக்கு நடுத்தர விலையே போதும்.

வெட்டும் முறை

குளிப்பாட்டி, நன்றாகக் காய வைத்து, வாரிய பிறகுதான் வெட்ட வேண்டும். ஈர முடியில் சிக்கு இறுகும்.

வெட்டுவது முடி படிந்திருக்கும் போக்கிலேயே இருக்க வேண்டும். குறுக்கே வெட்டக் கூடாது. இரண்டு வெட்டு, பிறகு ஒரு வாரல். போதுமா என்று பார்த்து விட்டு அடுத்த வெட்டு.

காதுக்குப் பின்னால் கெட்டியாகத் திரண்ட சிக்குதான் ஆபத்தான இடம். சிக்கை இழுத்தால் தோலும் கூடவே எழும்பி வரும். அவசரமாக வெட்டினால் முடியோடு தோலும் போய் விடும். சிக்குக்கும் தோலுக்கும் நடுவே சீப்பைச் செருகிக் கொள்ள வேண்டும். சீப்பு நுழையாத அளவுக்குச் சிக்கு இருந்தால், கால்நடை மருத்துவரிடம் கொண்டு போவதே நல்லது.

வேலை முடிந்ததும் கத்தரியைத் துடைத்துத் திருகாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். அதைக் கொண்டு துணியோ காகிதமோ வெட்டக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மணையைக் கொடுக்கலாம். இதைக் கொடுக்கக் கூடாது. பல் தேய்ந்தால் கத்தரி பாழ்! முடி திருத்தும் கருவிகளைத் தீட்டுகிறவரிடமே கொடுக்க வேண்டும்.

வாய் இல்லாத ஜீவன்

கடைக்குப் போய் முடி வெட்டிக் கொள்ளும் மனிதன், கத்தரி இழுத்தால் "வலிக்கிறது" என்று சொல்வான். அடுத்த முறை வேறு கடைக்குப் போவான். நாய்க்கு அந்த வாயும் இல்லை. வேறு கடையும் இல்லை.

ஒரு முறை வலித்து விட்டால், அடுத்த முறை கத்தரியைக் கண்டதும் அது கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளியும். கடிக்கவும் கடிக்கும். "முரட்டு நாய்" என்று பழி அதன் மேல் விழும். குற்றம் கத்தரியுடையது, பழி நாயினுடையது!

ஆகவே, நாயை அலங்கரிக்க நினைப்பவர்கள் முதலில் அதற்கு வலிக்காத கருவியைத் தேட வேண்டும். அழகு அதற்குப் பிறகு தானே வரும்.