பிளக்-இன்னுக்கும் எஃப்.சி. பார்க்க வேண்டும்

சங்ககிரியில் பழைய லாரி வாங்கப் போகிறவர்கள் பெயிண்ட்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பதில்லை. ஆர்.சி. புக், எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் பார்ப்பார்கள். ஃபைனான்ஸ் பாக்கி உண்டா என்று விசாரிப்பார்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டி வந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் விலை பேசுவார்கள். இவ்வளவு உஷாரானவர்களே தங்கள் டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்கு ஒரு வெப்சைட் தொடங்கும்போது, முன்பின் தெரியாத யாரோ எழுதிய பிளக்-இன்னை ஒரே கிளிக்கில் இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். கேட்டால், "லட்சக்கணக்கான பேர் போட்டிருக்காங்களே சார்" என்கிறார்கள். இந்தப் பதிலில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். வேர்டுபிரஸ் என்பது வெப்சைட் அமைக்க உதவும் இலவச மென்பொருள். 2003-ல் வெளிவந்தது. விசாரணைப் படிவம், போட்டோ ஆல்பம், வாட்ஸ்அப் பட்டன் போன்ற வசதிகளை அதில் தனியாகச் சேர்க்கும் சின்னப் புரோகிராமுக்குத்தான் பிளக்-இன் என்று பெயர். சின்னது என்பது அளவில் மட்டும்தான். மொபைலில் ஒரு ஆப் போட்டால், கேமராவைத் தொடலாமா, கான்டாக்ட்ஸைப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்கும். வேர்டுபிரஸ் பிளக்-இன் அப்படி எதுவும் கேட்பதில்லை. ஆக்டிவேட் செய்த உடனேயே அதனால் டேட்டாபேஸைப் படிக்க முடியும், பக்கங்களை மாற்ற முடியும், புதிதாக ஒரு அட்மினையே உருவாக்க முடியும். பட்டன் நிறத்தை மாற்றும் பிளக்-இன்னுக்கும் இதே அதிகாரம்தான். லோடு ஏற்ற வந்த ஆளிடம் வண்டிச் சாவியோடு கல்லாச் சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி.

எங்கள் ஆபீஸ் சைட்டில் திருட என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். லோடு கொடுப்பவர்களின் பெயரும் போன் நம்பரும் விசாரணைப் படிவம் வழியாகச் சேர்ந்திருக்கும். அட்வான்ஸ் அனுப்ப வேண்டிய பேங்க் அக்கவுண்ட் நம்பரையும் சிலர் சைட்டிலேயே போட்டு வைக்கிறார்கள். அந்த நம்பரை மட்டும் ஒருவன் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால்? சைட் வழக்கம்போல ஓடும். பணம் வேறு எங்கோ போகும்.

லட்சம் பேர் கணக்குக்கு வருகிறேன். ஃபைல் மேனேஜர் என்ற பிளக்-இன்னை 7 லட்சம் சைட்டுகள் பயன்படுத்தி வந்தன. 2020 செப்டம்பரில் அதில் ஒரு ஓட்டை தெரியவந்தது. வேறொரு இலவச மென்பொருளிலிருந்து எடுத்துச் சேர்த்த மாதிரி ஃபைல் ஒன்றை, பெயர் மாற்றி, இயங்கும் நிலையிலேயே விட்டிருந்தார்கள். பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் வெளியாள் தன் ஃபைலை சர்வரில் ஏற்றிவிடலாம். செப்டம்பர் 1 அன்று வந்த 6.9 பதிப்பில் சரிசெய்தார்கள். அதற்குள் தாக்குதல் தொடங்கிவிட்டது.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது டிஸ்பிளே விட்ஜெட்ஸ் கதை. சுமார் 2 லட்சம் சைட்டுகளில் இருந்த, நல்ல பெயரெடுத்த பிளக்-இன். 2017-ல் அதை எழுதியவர்கள் வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். புது உரிமையாளர் அனுப்பிய அப்டேட்டிலேயே பின்கதவு இருந்தது. அதன் வழியாக விளம்பரக் குப்பைகள் சைட்டுக்குள் வந்தன. லாகின் செய்திருக்கும் சைட்காரர் கண்ணுக்கு மட்டும் அவை தெரியாது! சில மாதங்களுக்குள் நான்கு முறை அதை வேர்டுபிரஸ் தன் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. லாரி கைமாறினால் ஆர்.சி.யில் பெயர் மாறும். பிளக்-இன் கைமாறினால் உங்களுக்குத் தகவல் வராது.

அப்படியானால் அப்டேட்டே போடக் கூடாதா என்று கேட்பீர்கள். போடத்தான் வேண்டும். கெட்ட அப்டேட் எப்போதோ ஒரு முறை வருவது. ஓட்டைகளோ அடிக்கடி வெளிவருபவை. ஆட்டோ அப்டேட்டை ஆன் செய்துவிட்டு, வாரம் ஒரு பேக்கப் எடுத்து சர்வரில் இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கட்சி.

சரி, எஃப்.சி. பார்ப்பது எப்படி? இந்தப் பிளக்-இன் இல்லாமல் சமாளிக்க முடியாதா என்று முதலில் கேளுங்கள். பாதி இங்கேயே கழிந்துவிடும். வேண்டும் என்றால், வேர்டுபிரஸ் தளத்தில் அதன் பக்கத்தைத் திறந்து கடைசியாக அப்டேட் ஆன தேதியைப் பாருங்கள். வேர்டுபிரஸ்ஸின் அண்மைய மூன்று பெரிய பதிப்புகளோடு சோதிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை இருந்தால் தொடாதீர்கள். சேஞ்ச்லாக் என்ற பகுதியில் "பாதுகாப்பு ஓட்டையைச் சரிசெய்தோம்" என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். என்னைக் கேட்டால் அது நல்ல அறிகுறி, யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். விலைக்கு விற்கும் பிளக்-இன்னை இலவசமாகத் தருகிறோம் என்று கூப்பிடும் சைட்டுகள் பக்கமே போகாதீர்கள். அவர்கள் ஏன் தருகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

பயன்படுத்தாத பிளக்-இன்னை டீஆக்டிவேட் செய்து வைப்பது பத்தாது, டெலீட் செய்யுங்கள். ஃபைல் மேனேஜர் ஓட்டை போன்றவற்றுக்கு அந்த ஃபைல் சர்வரில் கிடந்தாலே போதும். இதற்கெல்லாம் அட்மின் பாஸ்வேர்டு தேவை. சைட்டை வேறு யாராவது செய்து கொடுத்திருந்தால், இந்த வாரமே அவரிடமிருந்து அதைக் கேட்டு வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.