தலைவர் பதவி காலியானாலும் குழு கூட வேண்டும்

தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005இல் தொடங்கப்பட்டபின், ஊர்தோறும் கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழு ஒன்று இயங்க வேண்டும் என்றும், இன்ன செலவுக்கு என்று முன்கூட்டியே கட்டுப்படுத்தாத நிதியாக அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை வழங்கப்பட வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஊராட்சி மன்றத் தலைவரே இக்குழுவின் தலைவர். வங்கிக் கணக்கில் அவரும் கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஆனால் 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்காதபோதும், அத்தேர்தலில் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து நிர்வாகம் மீண்டும் அரசு அமர்த்திய தனி அலுவலர்களிடம் போனபோதும், விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களின் ஊராட்சிகளில் இக்குழுக்களுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த தலைமை இல்லாமற்போயிற்று. ஒரு நாற்காலி காலியானதும் தளர்ந்துவிடும்படி மக்கள் நல அமைப்பை வகுத்தது பெரும் பிழை. அது உடனே திருத்தப்பட வேண்டும்.

இவ்வட்டாரத்தின் நோய்கள் இங்குள்ள தொழிலோடு பிணைந்தவை என்பதால் இத்திருத்தம் இங்கு மேலும் அவசரமாகிறது. ராஜபாளையத்தில் நூற்பாலைகளும், அதையடுத்த சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளும் நிறைந்துள்ளன. பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு வரும் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய், வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதாகத் தொடங்கி, மெல்ல எல்லா நாள்களுக்கும் பரவுகிறது. சட்டம் இதைத் தொழில்சார் நோயாக ஏற்றிருப்பினும், முதல் நாள் இறுக்கத்தைச் சளி என்றோ அசதி என்றோ தள்ளிவிடும் தொழிலாளியிடம், அது எந்த நாளில் வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் உடன் வேலை செய்பவரும் பக்கத்து வீட்டுக்காரருமே.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்வான தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளையும் கொண்டு சேர்க்கின்றனர். இது பாராட்டத்தக்க பணி. எனினும் பகல் ஷிப்டுக்குப் போனவரும், இரவு ஷிப்டு முடித்து உறங்குபவரும் அவர்களுக்குப் பெரும்பாலும் அகப்படுவதில்லை. எந்தத் தெருவில் எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள் என்பதை அறிந்த இப்பெண்களுக்கு ஊர்க் குழுவில் முடிவெடுக்கும் இடமும், அலைச்சலுக்கு ஈடான ஊதியமும் கிடைத்தாக வேண்டும்.

ஊர்ப் பொதுக்காரியத்தைத் தலைமுறைகள் கடந்து நடத்தும் முறை இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. வணிகத்தில் சிறு பங்கை மகமையாக ஒதுக்கி, வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டிப் பள்ளிகளை வளர்த்த வரலாறு விருதுநகருக்கு உண்டு; 1889இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு வளர்ந்ததே. தொகை சிறிதாயினும் தவறாது வந்தது, கணக்கு உறவின்முறை எனப்படும் சாதிச் சபையார் முன் வைக்கப்பட்டது ஆகிய இரண்டுமே அதன் பலம். ஆனால் அந்தக் கட்டமைப்பு சாதி எல்லைக்குள் நின்றது. உடல்நலக் குழுவோ, குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வாய்க்காலும் எல்லாத் தெருவுக்கும் பொது என்பதால், அந்த எல்லைக்குள் நின்று ஒருபோதும் வெல்ல முடியாது. துப்புரவுப் பணியாளரும், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்பினரும் இடம்பெறாத குழு பெயரளவுக் குழுவே.

மக்கள் முயற்சி நிலைபெறும் விதத்துக்குக் கேரளம் சான்று. அங்கே 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்புச் சிகிச்சை, அதாவது தீரா நோயாளியின் வலியையும் துயரத்தையும் குறைக்கும் பராமரிப்பு, பின்னர் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களின் சில மணி நேர உழைப்பாலும் சிறு நன்கொடைகளாலும் ஊர் இயக்கமாயிற்று. 2008இல் அம்மாநில அரசு அதற்கெனக் கொள்கை வகுத்து உள்ளாட்சிகளையும் பொறுப்பாக்கியது. மக்கள் தொடங்கியதை அரசு தாங்கிப் பிடித்த இந்த வரிசை முக்கியமானது. தமிழ்நாட்டில் தருமபுரி, கன்னியாகுமரி உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில், ஊரார் தங்கள் சுகாதார நிலையத்தை மதிப்பிட்டு அலுவலர்களோடு பேசித் தீர்வு காணும் முயற்சி 2009 வாக்கில் அரசு நிதியோடு நடந்தது; அதனால் பயனும் விளைந்தது. ஆயினும் நிதிக்கு அரசை மட்டுமே நம்பியிருந்த அம்முயற்சி மாநிலமெங்கும் வேர்கொள்ளவில்லை.

ஆகவே குழுத் தலைவர் பதவி காலியாகும் காலத்தில், தன்னார்வலர், தொழிற்சங்கப் பிரதிநிதி, நீண்டகால நோயாளி ஆகியோரிலிருந்து குழுவே தேர்ந்தெடுக்கும் பெண் உறுப்பினர் ஒருவர் செவிலியரோடு கையெழுத்திடும் உரிமை பெற அரசாணை பிறப்பிக்கப்பட வேண்டும். குழு எழுத்தில் தரும் முறையீட்டுக்கு வட்டார மருத்துவ அலுவலர் 30 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தரக் கடமைப்பட வேண்டும். கேட்டதற்குப் பதிலே வராத கூட்டத்துக்கு மூன்றாம் மாதம் எவரும் வருவதில்லை. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூட்டப்படுவதால், குழுவின் வரவு செலவையும் பதில் வராத முறையீடுகளையும் அங்கே வாசிப்பதற்குத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை.