திறந்து கிடக்கும் பூட்டு



போன வாரம் எங்கள் மணவூர் ரயில் நிலையத்தில் அரக்கோணம் வண்டிக்காகக் காத்திருந்தேன். என்னிடம் படித்த ஒருவர் தன் மகனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பையன் எட்டாம் வகுப்பு.

"பெரியவனானதும் என்னடா ஆகப்போறே?" என்றேன்.

"ஹேக்கர் தாத்தா!" என்றான் பட்டென்று. அப்பாவின் முகம் சுருங்கிப் போனது. "அது திருட்டு வேலைடா!" என்று அதட்டினார்.

நான் திட்டவில்லை. நடந்த சம்பவம் ஒன்றைச் சொன்னேன். நீங்களும் கேளுங்கள்.

2021 ஆகஸ்ட் மாதம். தாம்பரத்தில் பிளஸ் 2 படித்த 17 வயது மாணவர் ஒருவர், ரயில் டிக்கெட் எடுக்க ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்துக்குள் போனார். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு பரிவர்த்தனை எண் இருக்கும். தன் எண்ணுக்குப் பதிலாக வேறு எண்ணைக் கொடுத்தால், முன்பின் தெரியாத பயணியின் விவரங்கள் வந்து நின்றன! பெயர், வண்டி, பி.என்.ஆர். எண் எல்லாம். அந்த டிக்கெட்டை ரத்து செய்யக்கூட வழி இருந்தது. ஊருக்குப் போகப் பெட்டியோடு வந்து நிற்பவரின் கதி என்னவாகும், யோசித்துப் பாருங்கள்.

தவறு எங்கே? ரேஷன் கடையில் அட்டை எண்ணைச் சொன்னதுமே, அது உங்கள் அட்டைதானா என்று பார்க்காமல் அரிசியை அளந்து கொடுத்தால் எப்படியிருக்கும்? அதே கதைதான். உள்ளே வந்தவர் யார் என்று கேட்ட கணினி, 'இந்த டிக்கெட் இவருடையதா?' என்று கேட்க மறந்துவிட்டது.

அந்த மாணவர் நண்பர்களிடம் பீற்றிக் கொள்ளவில்லை. 'செர்ட் இன்' என்ற மத்திய அரசு அமைப்புக்கு எழுதினார். கணினித் தாக்குதல்களைக் கவனிப்பதற்கென்றே 2004 முதல் இயங்கும் அமைப்பு அது. செப்டம்பரிலேயே ஓட்டை அடைக்கப்பட்டது.

அவர் வேறு மாதிரி நடந்திருந்தால்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66 இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். கெட்டிக்காரத்தனம் ஒன்றுதான், போய்ச் சேரும் இடம்தான் வேறு. ஆகவே அடுத்தவர் இணையதளத்தை நோண்டிப் பார்க்கக் கிளம்பாதீர்கள். தற்செயலாக ஏதாவது கண்ணில் பட்டால், அங்கேயே நிறுத்திவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இதையே வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். வங்கிகள், மருத்துவமனைகள், மென்பொருள் நிறுவனங்கள் 'எங்கள் பூட்டைச் சோதித்துச் சொல்லுங்கள்' என்று அனுமதி கொடுத்து, சம்பளமும் கொடுக்கின்றன. சினிமாவில் வருவதுபோல நிமிடத்தில் முடிகிற வேலை இல்லை, பொறுமை வேண்டும். கணக்கைப் பிடித்துக் கொள்ளுங்கள். பைதான் போன்ற ஒரு கணினி மொழியைக் கற்றுக் கொள்ளுங்கள். ஒரு கணினி இன்னொன்றோடு எப்படிப் பேசுகிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 'பிக்கோ சி.டி.எஃப்.' என்ற போட்டியை மாணவர்களுக்காக நடத்துகிறது. உடைப்பதற்கென்றே செய்து வைத்த பூட்டுகள், உடைத்தால் மதிப்பெண்! 13 வயது நிரம்பியவர்கள் சேரலாம். கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும், அகராதியைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அந்தப் பையனிடம் சொன்னேன். சொல்லவே கூச்சமாக இருந்தது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், வினாத்தாள் வைக்கும் பீரோ பூட்டாமல் கிடப்பதை ஒரு மாணவன் பார்த்து, ஓடிவந்து என்னிடம் சொன்னான். "அங்கே உனக்கென்ன வேலை?" என்று காதைத் திருகி அனுப்பினேன். ஒரு தாளைக்கூட அவன் தொடவில்லை என்பது மாலையில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அவன் என்னிடம் வந்து சொன்னதில்லை.

அப்பா பேசாமல் கேட்டுக் கொண்டிருந்தார். வண்டி வரும் அறிவிப்பு கேட்டது. எழுந்தவர், "அந்தப் போட்டிக்குப் பணம் கட்டணுங்களா சார்?" என்றார்.

"இலவசம்தான்" என்றேன்.