பதினொன்றாம் வகுப்புக்கு முன்னால்

நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், கல்லூரிகளில் தொடங்கியது. 1985-இல் மேல்நிலை வகுப்புகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம், தனியாக ஒரு திட்ட அலுவலர், பதிவேடு, நிதி என்று அதற்கு முழுமையான ஓர் அமைப்பு உண்டு. ஆனால் நம் பள்ளிகளில் அது பதினொன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். “நானும் வரட்டுமா மிஸ்?”, “நான் எடுத்துட்டு வரேன் சார்” என்று முந்திக்கொண்டு கைதூக்கும் வயது இதுதான் என்பது இந்த இதழைப் படிக்கும் பொறுப்பாசிரியர் ஒவ்வொருவருக்கும் தெரியும். பதினொன்றாம் வகுப்பை எட்டும்போது அந்தக் கைகளில் பலவற்றை டியூஷனும் நீட் பயிற்சியும் பொதுத்தேர்வும் பிடித்துக்கொள்கின்றன.

இந்த வயதுக்கு எதுவுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இளம் செஞ்சிலுவைச் சங்கம் (ஜே.ஆர்.சி.) இருக்கிறது. பத்து வயது நிறைந்தால் சாரணர் இயக்கத்தில் சேரலாம். 2001-02இல் வந்த தேசிய பசுமைப் படை இருக்கிறது. 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, பத்து வயதிலிருந்தே பிள்ளைகளைத் தங்கள் ஊர்ச் சிக்கலை ஆராயச் சொல்கிறது. அறிவியலுக்காக 2022 நவம்பரில் வந்த வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கென்றே உருவானது. அமைப்புகள் போதும். குறை நாட்காட்டியில் இருக்கிறது. ஜூன் 5-க்கு ஒரு மரக்கன்று, அக்டோபர் 2-க்கு ஒரு தூய்மைப் பணி, இடையில் ஒரு பேரணி, ஓர் உறுதிமொழி. படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் அன்றைய சேவை முடிந்துவிடுகிறது. அந்த மரக்கன்றுக்கு ஆகஸ்டில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அடுத்த சுற்றறிக்கை கேட்பதில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளிகளுக்கு நாம் முன்வைக்க விரும்புவது ஒன்றுதான். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில், ஒரே மனிதர்களோடு, ஓராண்டு முழுக்க, வாரத்துக்கு ஒரு மணி நேர வேலை கொடுங்கள். நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். அந்த வேலை யாருக்காவது உண்மையாகவே தேவைப்படுவதாக இருக்கட்டும்.

இதில் பள்ளியின் வகை முக்கியம். நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைதான் பள்ளியிலேயே மூத்தது; ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அது அக்கா, அண்ணன். அதே பிள்ளை மேல்நிலைப் பள்ளியில் இருந்தால் ப்ளஸ் டூ மாணவர்களின் கூட்டத்தில் கண்ணுக்கே தெரியாது. கொடி பிடிக்கவும் நாற்காலி தூக்கவும் மட்டும் கூப்பிடுவார்கள். ஆகவே நடுநிலைப் பள்ளிகள் தங்களிடம் என்.எஸ்.எஸ். இல்லையே என்று குறைப்பட வேண்டியதில்லை. அவற்றுக்கான பணியிடம் அதே வளாகத்துக்குள் இருக்கிறது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் உருவான நாளிலிருந்து வெளியூர்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். முன்பு தென்மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறார்கள். இரண்டாம் வகுப்பில் தமிழ் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு ஆசிரியரைவிட வேகமாகத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் ஏழாம் வகுப்பு அக்கா. மதிய உணவுக்குப் பின் அரைமணி நேரம் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரு படக்கதையைப் படித்தால் போதும். வாரம் தவறாமல் அதே அக்கா, அதே குழந்தை. ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் வேலைக்கு ஆகாது. 2024 நவம்பரில் தொடங்கிய மகிழ் முற்றம் குழுக்கள் வகுப்பு எல்லையைத் தாண்டி மாணவர்களை ஏற்கெனவே கலந்துவைத்திருக்கின்றன. அவற்றைப் போட்டிகளுக்கும் மதிப்பெண் பலகைக்கும் மட்டும் பயன்படுத்துவது வீண். அந்த ஏழாம் வகுப்பு அக்காவுக்குத் தானே சரளமாகப் படிக்க வராமல் இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளையை முதலில் சேருங்கள். சின்னக் குழந்தைக்காக ஒரு பக்கத்தை முந்தின நாளே படித்துப் பார்த்துக்கொள்வாள்.

பூந்தமல்லிக்காரர்களுக்கு வேறெந்தப் புறநகருக்கும் இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. பார்வைக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி அங்கே இருக்கிறது. பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் 1988 முதல் அங்கேயே இயங்குகிறது. பார்வையற்றோருக்கு உதவி என்றதும் நமக்குத் தேர்வில் சொல்வதைக் கேட்டு எழுதுவதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த வேலை இந்த வயதினருக்கு உரியதல்ல. எழுதுபவர் பத்தாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். நம் மாநிலப் பொதுத்தேர்வுகளில் ஆசிரியர்களே அதற்கு நியமிக்கப்படுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை செய்யக்கூடிய வேலை வாசித்துப் பதிவு செய்வது. பாடநூல், கதைநூல், செய்தித்தாளின் ஒரு பக்கம், போட்டித்தேர்வுக்குப் படிப்பவருக்கு ஒரு வினாத்தொகுப்பு என எதுவும் ஆகலாம். ஒரு செல்போனும் சத்தமில்லாத ஓர் அறையும் போதும். மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவில் நூலை லாபநோக்கமின்றி மாற்றித் தருவதற்கு 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. பதிப்புரிமை பற்றிய தயக்கம் தேவையில்லை.

இந்த வேலையை நாம் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சமூக அறிவியல் நூலில் ஒரு வரைபடம் வருகிறது. பார்க்க முடியாதவருக்கு அதை எப்படிச் சொல்வது? “இங்கே பாருங்கள்” என்று சொல்ல முடியாது. வடக்கிலிருந்து தொடங்கிக் கடிகாரச் சுற்றில் எந்த மாவட்டத்துக்கு அடுத்து எது வருகிறது என்று சொல்ல வேண்டும். படத்தில் உள்ள பெண்ணின் புடவை நிறத்தைச் சொல்ல வேண்டுமா, அவள் கையில் இருக்கும் கருவியைச் சொன்னால் போதுமா என்று முடிவெடுக்க வேண்டும். ழகரம் பிசகினால் கேட்பவர் திருப்பி அனுப்புவார். திருப்பி அனுப்பட்டும், அதுதான் நல்லது. பெறுபவர் குறை சொல்லும் உரிமை உள்ளவராக இருக்கும்போதுதான் பிள்ளைக்கு மரியாதை பழகும். ஆகவே பதிவை அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். மாதம் ஒருமுறை கேட்டவர்களை வகுப்புக்கு அழையுங்கள், அல்லது தொலைபேசியில் பேசவையுங்கள். என்ன தேவை என்பதை அவர்கள் சொல்லட்டும்.

அடுத்தது ஏரி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்குப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் என்று நீர்நிலை இந்த வட்டாரத்தில் எங்கும் தொலைவில் இல்லை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் இயக்கமாகத் திரண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அதில் பங்கெடுத்தார்கள். இப்படி ஒரு முன்னுதாரணம் பக்கத்திலேயே இருந்தும் நம்மில் பலர் ஏரிப்பணி என்றால் பிள்ளைகளின் கையில் சாக்குப்பையைக் கொடுத்துக் குப்பை பொறுக்கவைக்கிறோம். இது கூடாது என்பது நம் உறுதியான கருத்து. கழிவுநீர் கலந்த கரையில் கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கும். அதை அள்ளும் பொறுப்பு உள்ளாட்சிக்கு உரியது; அதற்கான ஆளும் கருவியும் கையுறையும் அங்கே இருக்க வேண்டும்.

பிள்ளைகள் செய்ய வேண்டியது ஏரியைக் கவனிப்பது. மாதம் இரண்டு சனிக்கிழமை, கரையில் ஒரே இடத்தில் நின்று, நீர்மட்டம் எந்தப் படியில் நிற்கிறது, எந்த வாய்க்கால் வழியே கறுப்புத் தண்ணீர் இறங்குகிறது, முக்குளிப்பான் எத்தனை, நாமக்கோழி எத்தனை, நத்தைகுத்தி நாரை வந்ததா என்று நோட்டில் எழுதுவது. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும்போது அந்த எண்ணிக்கையை இபேர்டு தளத்தில் ஏற்றலாம். உலகின் எந்த ஆய்வாளரும் அதைப் பயன்படுத்த முடியும். கலங்கல் எங்கே, மதகு எங்கே, வரத்துக் கால்வாய் எந்தத் தெரு வழியாக வந்தது, இப்போது எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெருவில் உள்ள முதியவர்களிடம் கேட்டு வரைபடம் போடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொரட்டூரும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எப்படி மூழ்கின என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் இவர்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதிய ஒரு நோட்டை ஆறாம் வகுப்பு ஏழாம் வகுப்பிடம் காட்டிச் சரிபார்த்து, எட்டாம் வகுப்பு மாநகராட்சி உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், அதில் இருப்பது வேறு எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது. கரையில் நடைபாதை உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட பருத்திப்பட்டு ஆவடிப் பள்ளிகளுக்கு ஏற்றது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மாணவர்களைக் கழிப்பறை கழுவவைத்தார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. பலமுறை அந்தப் பிள்ளைகள் பட்டியல் சாதியினராக இருந்திருக்கிறார்கள். விசாரணையின்போது ‘சேவை மனப்பான்மை வளர்க்கத்தான்’ என்ற பதிலைச் சொல்ல எந்தப் பொறுப்பாசிரியரும் இடம் தரக்கூடாது. பள்ளியைப் பெருக்கும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காமல் அந்த வேலையைப் பிள்ளைகள் தலையில் ஏற்றினால் அது கூலியில்லா உழைப்பு. எந்தக் குழு எந்த வேலையைச் செய்கிறது என்பதைச் சுழற்சி முறையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பள்ளி மாணவர்களிடையே சாதி வன்முறை வெடித்த நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், எல்லாச் சமூகத்து மாணவர்களும் கலந்த சமூக நீதி மாணவர் படை ஒன்றைப் பரிந்துரைத்தது. படை வருகிறதோ இல்லையோ, ஒரே பாயில் உட்கார்ந்து வாசிக்கும் இரண்டு பிள்ளைகளை யார் யாரோடு சேர்க்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

பொறுப்பாசிரியர்கள் மணிக்கணக்கு பற்றியும் கேட்கிறார்கள். சான்றிதழுக்கு எத்தனை மணி நேரம் வைக்கலாம்? சிங்கப்பூர் 1997-இல் தொடங்கிய சமூக ஈடுபாட்டுத் திட்டத்தில் மாணவருக்கு ஆண்டுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்திருந்தார்கள். 2012-இல் அதை ‘வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்’ என்று மாற்றியபோது, மணியை எண்ணுவதை விட்டு, மாணவர் எதைப் புரிந்துகொண்டார் என்பதன் பக்கம் கவனத்தைத் திருப்பினார்கள். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு 75 மணி நேரச் சேவை கட்டாயம். ஆறாம் வகுப்பிலிருந்தே அதைச் சேர்க்கத் தொடங்கலாம். இரண்டில் சிங்கப்பூர் திரும்பிய வழியே நமக்கு ஏற்றது என்று நினைக்கிறோம். கட்டாயமாக்கினால் இங்கே மணி நேரமும் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றும் எண்ணாக மாறிவிடும்.

நடைமுறைக்கு வருவோம். இந்த மூன்று ஊரும் ஒட்டியிருந்தாலும் நிர்வாகம் மூன்று. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம். வருவாய்க் கணக்கில் 2018-இல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. இரண்டும் திருவள்ளூர் மாவட்டம். ஏரிகளுக்கு நீர்வளத் துறையிடமும் கேட்க வேண்டியிருக்கும். அனுமதிக் கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று முதலிலேயே விசாரித்து, ஜூனிலேயே ஓராண்டுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பெற்றோர் கையொப்பம் ஒவ்வொரு பணிக்கும் தனியாக வேண்டும். எந்தப் பிள்ளையையும் ஒற்றைப் பெரியவருடன் தனியே அனுப்பாதீர்கள். போக்சோ சட்டம் இருப்பதால் மட்டும் சொல்லவில்லை, அதுவே முறை. ஆபத்து ஏரியில் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் பெரும் ஆபத்து சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலையைக் கடப்பதில் இருக்கிறது. சாலையின் இந்தப் பக்கத்திலேயே செய்யக்கூடிய பணியைத் தேடுங்கள். கிளை நூலகமோ முதியோர் இல்லமோ அங்கன்வாடியோ நிச்சயம் இருக்கும்.

கடைசியாகத் தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜே.ஆர்.சி.யையோ பசுமைப் படையையோ பார்ப்பவர் பெரும்பாலும் முழுப் பாடவேளையும் எடுத்த பிறகு, தன் சொந்த நேரத்தில்தான் அதைச் செய்கிறார். கால அட்டவணையில் அவருக்கு வாரம் ஒரு பாடவேளையைப் பணிச்சுமையாகவே சேருங்கள். சனிக்கிழமை பிள்ளைகளோடு போனால் ஈடுசெய் விடுப்பு கொடுங்கள். அவருடன் போக இரண்டாவது ஆசிரியர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். இந்த மூன்றையும் வரும் ஜூன் மாத அட்டவணையிலேயே எழுதிவையுங்கள்.