யானைக்கும் பானைக்கும் ஒரே அளவா?

(இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

சிலை வடிக்கும் சிற்பி உளியை எடுக்குமுன் தாளக் கணக்கை எடுக்கிறான். முகத்தின் நீளம் ஒரு தாளம். மற்ற உறுப்புகள் அதற்கு ஏற்ப அமையும். கல் சிறிதாயினும் பெரிதாயினும் விகிதம் மாறுவதில்லை. நாம் வாங்கும் மாதிரிக் கார்களுக்கும் இத்தகைய கணக்கு உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

1/18, 1/24, 1/43, 1/64 என்பவை உலகெங்கும் வழங்கும் விகிதங்கள். இவற்றுள் 1/43 பொம்மை ரயிலிலிருந்து வந்தது. ஓர் அடியை 7 மில்லிமீட்டராகச் சுருக்கினர் ஆங்கிலேயர், 304.8ஐ 7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 43.5. அந்த ரயிலுக்குப் பக்கத்தில் நிற்கத் தக்க கார் 1/43 ஆயிற்று. 1/64 என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் 64இல் ஒரு பங்கு. கன அளவோ 2,62,144இல் ஒரு பங்கு!

ஆனால் 1953இல் இங்கிலாந்தில் தோன்றிய மேட்ச்பாக்ஸ் வண்டிகள் பெட்டிக்கு ஏற்பச் சுருக்கப்பட்டவை. அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. கடையில் பேருந்தும் காரும் ஒரே நீளத்தில் தொங்குகின்றன. 36 அடிப் பேருந்து 1/64இல் 17 சென்டிமீட்டர் இருக்க வேண்டாமா? யானைக்கும் பானைக்கும் சரி என்ற கதைதான்! "குழந்தை விளையாடத்தானே?" என்பர் சிலர். விளையாடட்டும், ஆனால் பொய்யான விகிதத்தை அட்டையில் அச்சிட வேண்டாம் என்பதே என் வாதம்.

பெருங்களத்தூரில் வசிக்கும் எனக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தியன்று. இங்கே ஜி.எஸ்.டி. சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஹெரால்டு, 1972இல் கெஸல், 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று கார்களைத் தந்த நிறுவனம் அது. இங்கிலாந்தில் இரு கதவுகளோடு வந்த ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வைத்தவர்கள் நம்மவர்கள். 1988இல் உற்பத்தி நின்றது. இன்று அவ்விடத்தில் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. எஞ்சிய கார்களும் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போகின்றன.

நாளை அந்தக் காரின் உருவத்தை எதைக் கொண்டு அறிவது? புகைப்படம் நிறத்தைக் காட்டும். நீள அகலத்தைச் சரியாகச் சொல்லாது. விகிதம் பிசகாத மாதிரியோ ஓர் ஆவணம். அடிக்கோலை வைத்து அளந்து, பெருக்கினால் அசல் கிடைத்துவிடும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. 1/24 விகிதத்தில் ஓர் அடிக்கு அரை அங்குலம். ஹெரால்டின் நீளம் 12 அடி 9 அங்குலம். மாதிரியின் நீளம் ஆறே முக்கால் அங்குலத்துக்கும் குறைவு, சரியாக 6.375 அங்குலம். அட்டை, மெல்லிய மரம், அளவு நாடா போதும். எஞ்சியுள்ள ஒரு காரை உரிமையாளரின் இசைவோடு அளந்து, மாதிரி செய்து, விகிதத்தை அடியில் எழுதி நம் ஆய்வுக்கூடத்தில் வைப்போம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் இவ்வாண்டே தொடங்கலாம். அளப்பதற்குக் கார் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும், நண்பர்களே!