மறுத்தெழுதிய தளபதி

நம்மிடம் பயிலும் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் விமானியாக விரும்புகின்றார், தந்தையார் இணங்கவில்லை. சென்ற வாரம் இருவரும் நம் இல்லத்துக்கு வந்து, ஆளுக்கொரு பக்கமாக அமர்ந்து, நம்மை நடுவராக்கினர். அவ்வழக்கைத் தீர்க்கும் வல்லமை நமக்கில்லை. ஆதலால் ஒரு வரலாற்றைக் கூறினோம். அதனையே இவ்வாரம் வாசகர்க்கும் தருகின்றோம்.

ஹியூ டௌடிங் என்பார் 1882 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் மொஃபற் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அங்கே பாடசாலை நடத்தியவர். நம் இனத்தவர் எனலாம். மகன் 1900 இற் பீரங்கிப் படையிற் சேர்ந்து, ஜிப்ரால்ரர், இலங்கை, ஹொங்கொங், இந்தியா எனப் பல இடங்களிற் பணிபுரிந்தார். நம் நாட்டில் அவர் கழித்த காலம் சிறிது. அதனைக்கொண்டு நாம் பெருமை பேச ஒன்றுமில்லை. 1913 டிசம்பரில், தமது 31 ஆம் வயதில், விமானமோட்டும் சான்றிதழைப் பெற்றார். தந்தையாரோ, அஃது உயிருக்கு உலை வைக்கும் தொழிலெனத் தடுத்தார். மகனும் பணிந்து பீரங்கிக்கே திரும்பினார். மறு ஆண்டு மூண்ட உலக யுத்தமே அவரை மீண்டும் விமானத்திடம் சேர்த்தது. (இவ்விடத்தில் நம் முன்னிருந்த தந்தையார் தலையசைத்தார். எதற்கென நாம் வினவவில்லை.)

1916 இற் சொம் நதிப் போரின்போது, களைத்த விமானிகளுக்கு ஓய்வு வேண்டுமென மேலதிகாரி ற்றென்சாட்டிடம் டௌடிங் வாதாடினார். ற்றென்சாட் இதனை விரும்பவில்லை. டௌடிங் இங்கிலாந்துக்குத் திருப்பியனுப்பப்பட்டார். சிரித்துப் பேசி நண்பரைச் சேர்க்கும் இயல்பு அவரிடம் இல்லை. சக உத்தியோகத்தர் அவரை ‘ஸ்ரஃபி’ என்று அழைத்தனர். இறுக்கமானவர் என்பது கருத்து. 1918 இல் மணந்த மனைவி 1920 இலேயே இறந்தார். கைக்குழந்தையான ஒரே மகன் எஞ்சினான்.

1930 முதல் விமானப் படையின் ஆராய்ச்சிப் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1935 இல் வற்சன்-வற் என்னும் விஞ்ஞானி, தூரத்து விமானத்தை வானொலி அலைகொண்டு அறியலாம் என்றார். டௌடிங் உடனே பணத்தை அள்ளிக் கொடுத்துவிடவில்லை. செய்து காட்டுக என்றார். அவ்வாண்டு பெப்ரவரி 26 இல் டவென்ரி அருகே விமானமொன்றைப் பறக்கவிட்டுச் செய்து காட்டினர். அதன் பின்னரே பணம் கிடைத்தது. ராடார் வளர்ந்த கதை இது.

1936 இற் சண்டை விமானப் பிரிவின் முதல் தலைவராகி, இலண்டனுக்கு வடமேற்கேயுள்ள பென்ற்லி பிறயறி மாளிகையில் அமர்ந்தார். அங்கே அவர் அமைத்த ஏற்பாட்டை மாணாக்கர் கூர்ந்து நோக்குதல் நன்று. ராடார் நிலையங்கள் கடலுக்கப்பால் வரும் விமானங்களைக் கண்டன. கரை கடந்தபின் அவதானிப்போர் தம் கண்ணாலும் காதாலும் தொடர்ந்தனர். செய்திகள் யாவும் தொலைபேசி வழியே ஓரிடத்திற் சேர்ந்து, சலிக்கப்பட்டு, பெரிய மேசை மேல் விரித்த படத்திற் குறிகளாக நகர்ந்தன. நகர்த்தியோர் பெரும்பாலும் இளம் பெண்கள். இதனால் விமானங்கள் வானத்திற் காவலாகச் சுற்றிக்கொண்டு எரிபொருளையும் மனிதரையும் வீணாக்க வேண்டிய தேவை ஒழிந்தது. எதிரி வரும் திசை அறிந்து, உரிய வேளையில் எழுந்தாற் போதும். ராடாரைப் புகழ்வோர் பலர். அத்தொலைபேசிக் கம்பிகளையும் மேசையையும் நினைப்போர் சிலரே.

1940 மே மாதம் ஜேர்மானியப் படை பிரான்சினுட் பாய்ந்தது. மேலும் சண்டை விமானங்களை அனுப்புமாறு பிரான்சு மன்றாடியது. பிரதமர் சேர்ச்சிலுக்கும் கொடுக்கவே மனம். மே 15 இல் டௌடிங் யுத்த மந்திரிசபை முன் சென்று தடை கூறினார். மறுநாள் விமான அமைச்சுக்குக் கடிதமொன்று வரைந்தார். நாட்டைக் காக்க 52 அணிகள் வேண்டுமெனக் கணித்திருந்தீர்கள். இன்று இருப்பன 36 அணிகளுக்கே சமம். இனி எத்தனை எஞ்சவேண்டுமென நீங்களே எழுத்திற் கூறுங்கள் என்பது அதன் சாரம். உள்ளதையும் அங்கே கரைத்துவிட்டால் இங்கிலாந்தின் முடிவு முழுத் தோல்வியே என்றும் மறைக்காமல் எழுதினார். நட்பு நாடு வீழும் வேளையில் உதவி மறுப்பது இனிய காரியமன்று. ஆயினும் சில நாட்களில் அரசு அவர் வழிக்கு வந்தது.

எழுதியவரின் நிலையையும் நோக்குக. அவர் ஓய்வு பெறும் நாள் முன்னரே பன்முறை ஒத்திவைக்கப்பட்டிருந்தது. அப்போது குறித்திருந்த நாள் ஜூலை 14. பிரித்தானிய வான்போர் தொடங்கியதாகக் கொள்ளும் நாளோ ஜூலை 10. நல்லூழாக அதுவும் தள்ளிப்போயிற்று.

அக்டோபர் இறுதிவரை நீண்ட அப்போரில் அவர் பிரிவின் விமானிகளும் விமானத்தினருமாக 544 பேர் மாண்டனர். அவருடைய ஒரே மகன் டெறெக்கும் அப்பிரிவிற் பறந்துகொண்டிருந்தார். மேசை மேல் நகரும் குறிகளைத் தந்தை எவ்வுள்ளத்தோடு நோக்கியிருப்பார் என்பதை வாசகரே ஊகிக்கட்டும்.

ஜேர்மனியின் படையெடுப்புத் திட்டம் கைவிடப்பட்டது. நவம்பர் 24 இல் டௌடிங் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்! இரவுக் குண்டுவீச்சைத் தடுக்க இயலாமை ஒரு குறையாகக் கூறப்பட்டது. பெருந்திரளாக எழுந்து தாக்குவதா, சிறு அணிகளாக விரைந்து தாக்குவதா என்பதில் அவர்கீழிருந்த லீ-மலொறிக்கும் பார்க்குக்கும் பகை மூண்டிருந்தது. அதனை வேளையோடு தீர்த்துவைக்காதது டௌடிங்கின் பிழையே என்பது நம் கருத்து. எனினும் 1941 இல் விமான அமைச்சு அப்போரைப் பற்றி வெளியிட்ட சிறு நூலில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லாமை எத்தகைய சிறுமை! சேர்ச்சிலே சினந்துகொண்டார்.

1943 இற் பிரபுப் பட்டம் கிடைத்தது. விமானப் படையின் மார்ஷல் என்னும் அதியுயர் தரம் இறுதிவரை கிடைக்கவில்லை. முதுமையில் ஊன் உண்பதை நீக்கி, பிரபுக்கள் சபையில் விலங்குகளுக்காகப் பேசினார். இறந்தோருடன் பேசலாம் எனவும் நம்பினார், நகைத்தோர் உளர். 1970 பெப்ரவரி 15 இற் காலமானார். அவரது சாம்பல் வெஸ்ற்மினிஸ்ரர் அபேயில் வைக்கப்பட்டுள்ளது.

நாம் கூறி முடித்ததும் மாணவர் ராடாரைப் பற்றி அடுக்கடுக்காக வினவினார். தந்தையார் நெடுநேரம் வாளாவிருந்து, ஒன்றே கேட்டார்:

“அந்தப் பிள்ளை தப்பினானோ, மாஸ்ரர்?”

தப்பினார் என்றோம்.